நிச்சயத்துக்குப் போன பலாக்காய்

வேன் செம்மண்டலம் முனையில் திரும்புவதற்குள்ளாகவே நான் குனிந்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். என் கால்களுக்கு நடுவில் புது டர்க்கி டவல் சுற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஒரு பலா உட்கார்ந்திருந்தது. பழம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. காய் என்று சொன்னால் என் மனைவி வேனை நிறுத்தி என்னையும் அதையும் சேர்த்து இறக்கிவிடுவாள். ஆகவே இப்போதைக்குப் பலா என்றே வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, சாமி முன்னால கூட நீங்க இப்படிக் குனிஞ்சதில்ல," என்றாள் பின் சீட்டிலிருந்து.

"முதுகு வலிக்குது."

"முதுகு வலிக்கு மூக்க எதுக்கு அதுமேல வைக்கிறீங்க?"

எங்கள் மகனுக்கு அன்றைக்குச் சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் கீரப்பாளையத்துக்காரர்கள். சொந்தபந்தங்கள் வந்துபோக வசதி என்று வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை, புடவை, பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் மனைவியின் பொறுப்பு. அவற்றில் கண்ணாடி போட்டுத் தேடினாலும் குறை கிடைக்காது. பலா மட்டும் என் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, என் வாய் எனக்கு வாங்கிக் கொடுத்தது.

பெண் பார்க்கப் போனபோது நடந்தது அது. பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். முகத்தைப் பூட்டிச் சாவியை எங்கோ தொலைத்துவிட்டவர் போல இருப்பார். பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி, "கடலூர்க்காரங்க. பண்ருட்டிய பக்கத்துல வச்சிகிட்டு ஒரு பலாப்பழம் இல்லாமலா வந்தீங்க?" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு வியாதி உண்டு. ஓர் அறையில் அமைதி விழுந்தால் கீழே விழுந்த காசைப் போல அதை நான்தான் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று தோன்றிவிடும்.

"நிச்சயத்துக்குக் கொண்டாறேன் சம்பந்தி," என்றேன். "உங்க வாசப்படிய இடிச்சிட்டுதான் உள்ள தூக்கியாரணும். அந்த சைசுல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கொண்டாங்க. எங்க வீட்டு வழக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பழத்த, தட்டு மாத்தின கையோட சபையிலயே அறுத்து, வந்தவங்களுக்கு ஆளுக்கொரு துண்டு குடுத்த பிறகுதான் பந்தி," என்றார்.

திரும்பி வரும் வழியில் தரகர் என் காதருகே வந்தார். "அவருகிட்ட கொஞ்சம் பாத்துப் பேசுங்க. இதே பொண்ணுக்கு முன்னாடி ஒரு இடம் கூடி வந்துச்சி. தட்டுல இருந்த தேங்கா அழுகல்னு சொல்லி, சபையிலயே தட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு மனுசன்."

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குப் பயம். மகன் அந்தப் பெண்ணோடு போனில் பேசும்போது சிரிக்கும் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பேசாத பிள்ளை அவன். ஒரு தேங்காய்க்கே தட்டைத் திருப்பியவர், பழம் என்று நான் கொண்டுபோவது காயாக இருந்தால் என்ன செய்வார்? அந்தச் சிரிப்பு என்னால் நின்றுபோனால்?

இத்தனைக்கும் என் தொழில் மஞ்சக்குப்பத்தில் டிரைவிங் ஸ்கூல். பதறாதீங்க, பதறாதீங்க என்று ஊராருக்குச் சொல்லிச் சாப்பிடுகிறவன். என் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், பயம் வந்தால் வலது கால் தானாக எதையோ மிதிக்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு மிதித்திருக்கிறேன்.

பண்ருட்டிக்குப் போய் ரோட்டோரக் குவியலில் இருந்ததிலேயே பெரியதாக எடுத்தேன். விற்றவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப விசேஷத்துக்கு?" என்றார்.

"ஞாயித்துக்கிழம."

"ஞாயித்துக்கிழமன்னா அந்தச் சின்னத எடுத்துக்குங்க. இது கொஞ்சம் டைம் எடுக்கும்."

சின்னதை எப்படி எடுப்பேன்? வாசப்படியை இடிப்பேன் என்று சொல்லியாகிவிட்டதே. பெரியதையே டிக்கியில் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து சாக்கு சுற்றினேன். வைக்கோல் போட்டேன். ஒருவர் சொன்னாரென்று காம்பில் வேப்பங்குச்சியை அடித்து இறக்கினேன். இன்னொருவர் சொன்னாரென்று உப்பு வைத்தேன். ஐசியுவில் படுத்திருப்பவரைப் பார்ப்பது போல ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து பார்த்தேன். வாசனை வரவில்லை. என்மேல்தான் வைக்கோல் வாசனை அடித்தது.

இப்போது வேன் காரைக்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், என் மனைவியின் தம்பி, டவலை விலக்கி விரலால் சுண்டினான். டக் டக் என்றது.

"மாமா, இது காய்."

"மெதுவா பேசுடா."

"பழம்னா தொம்முனு கேக்கும். இது கதவத் தட்டுற மாதிரி இருக்குது."

"காய்க்கும் பழத்துக்கும் பெருசா என்னடா வித்தியாசம்?" என்று ஆரம்பித்தேன். பயம் வந்தால் எனக்குத் தத்துவம் வரும். "எலுமிச்சம்பழம்ங்கிறோம். யாராவது உரிச்சித் திங்கறமா? ஊறுகாய்தானே போடறோம்? தேங்கா பேருலயே காய். அத பழத்தட்டுல நடுவுல வைக்கிறோம். யாரு கேக்கறா?"

"பழம்னா கழுவிட்டு அப்படியே திங்கறது. காய்னா தாளிக்கறது. அவ்வளவுதான் மாமா."

"வெள்ளரிக்கா?"

மச்சான் யோசித்தான். "அது ரெண்டுங்கெட்டான்."

"தக்காளி?"

"தக்காளி பழந்தான்பா," என்றான் முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளை. பட்டுச் சட்டை கசங்கக் கூடாதென்று கழுத்தை மட்டும் திருப்பினான். "உள்ள விதை இருந்தா சயின்ஸ்படி எல்லாமே பழம். கத்திரிக்கா, வெண்டைக்கா, பூசணி எல்லாம்."

எனக்கு உயிர் வந்தது. "கேட்டியா மச்சான். சயின்ஸ். இதுக்குள்ள கொட்டை இருக்குதா இல்லியா? அப்ப இது பழம்."

"அப்ப ஆப்பிளுக்குப் பதிலா ஒரு தட்டுல கத்திரிக்கா அடுக்கியிருக்கலாமே," என்றாள் மனைவி. "உங்க சயின்ஸ நாங்க மண்டபத்துக்குள்ள கூட்டிகிட்டுப் போக முடியாதுங்க."

அவள் சொன்னது சரி. கடலூர் மார்க்கெட்டில் ஒரே மரத்து மாங்காய் காய்க்கடையில் புளிப்பாகக் கிடக்கும். சில நாள் போனால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கப் பழக்கடையில் ஏறி உட்கார்ந்துவிடும். எந்த விஞ்ஞானியும் அதைக் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்திவிடுவதில்லை. பப்பாளி கூட்டுக்குப் போவதா, ஜூஸுக்குப் போவதா என்று அதைக் கிள்ளிப் பார்க்கிற பெண்களின் நகம் முடிவு செய்கிறது. நம் ஊரில் பழம் என்பது ஒரு சாதி இல்லை, ஒரு வயசு. என் மடியோரத்தில் இருந்தது அந்த வயசுக்கு வராமல் அழிச்சாட்டியம் செய்தது.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் டீ குடிக்கவில்லை. ரோட்டோரக் கடை ஒவ்வொன்றாக ஓடினேன். நுங்கு இருந்தது. வெடித்த வெள்ளரிப்பழம் இலையில் சுற்றி இருந்தது. பலா முழுசாக எங்கும் இல்லை. ஒரு வண்டியில் மட்டும் சுளைகளாகப் பாக்கெட் போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சுளைகளை வாங்கி என் பலாவுக்குள் எப்படியாவது செருகிவிட முடியுமா என்று நான் உண்மையிலேயே யோசித்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், பட்டு வேட்டியோடு, வெயிலில் நின்றுகொண்டு.

"மாமா, இத வேன்லயே விட்டுட்டுப் போயிடலாம்," என்றான் மச்சான்.

"வாசப்படிய இடிப்பேன்னு சொன்னவன் வெறுங்கையோட உள்ள போறதா?"

"அப்ப போயி இடிங்க."

மண்டபத்தில் வரவேற்பெல்லாம் முறைப்படி நடந்தது. மேளமும் பன்னீரும் சந்தனமும் குறையில்லாமல் இருந்தன. நானும் மச்சானும் பலாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது கூட்டத்தில் ஒரு 'அம்மாடியோவ்' கேட்டது. சம்பந்தி வந்து பார்த்தார். மூக்கை ஒருமுறை சுருக்கினார். என் வலது கால் தரையை மிதித்தது.

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. உட்காரவில்லை. பின்கட்டுக்குப் போவார், வருவார். யாரையோ கூப்பிட்டுக் காதில் பேசுவார். பலாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி பின்கட்டுக்குப் போவார். தட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒத்திகை பார்க்கிறார் என்றே முடிவு செய்தேன். மேடையில் மகன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே அந்தப் பெண். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சபையில் கத்தி வரும், பலாவை அறுப்பார்கள்.

சமையல்காரரைப் பிடித்து, எல்லாக் கத்தியும் மொட்டை என்று சொல்ல வைத்துவிடலாம் என்று தோன்றியது. பலாவையும் கையோடு அப்புறப்படுத்திவிட்டால் இன்னும் நல்லது. "இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசணுமாம்," என்று பக்கத்திலிருந்தவரிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு, மச்சானும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நகர்ந்தோம்.

அங்கே புகையாக இருந்தது. புகைக்கு நடுவில் சம்பந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சாம்பிராணிச் சட்டி. அதன்மேல் ஒரு வாழைத்தாரை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தார் பச்சைப் பசேலென்று இருந்தது.

என்னைப் பார்த்ததும் மேல்துண்டை எடுத்து அதை மூடினார். மூடியும் பாதித் தார் வெளியே தெரிந்தது.

"சாமிக்குப் புகை காட்டறீங்களா சம்பந்தி?" என்றேன். அமைதியைப் பொறுக்கும் வியாதி.

"சொந்தக் கொல்லையில வெட்டினது," என்றார். "எங்க தரப்புத் தட்டுக்கு எங்க பழந்தான் வைப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பழுக்கறதுக்கு ரூமுல வச்சி மூட்டம் போட்டேன். செவுத்துல எங்கியோ எலிப்பொந்து இருந்திருக்குது. புகை பூரா அந்தப் பக்கமா போயிட்டு, ஒரு காய் கூட நெறம் மாறல. காலையிலதான் பாத்தேன். கடலூர்க்காரங்க வாயி ஜாஸ்தி, நீங்க இத வச்சி ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவீங்களேன்னு நெஞ்சு அடிச்சிக்குது எனக்கு."

"நானா? நான் கிண்டல் பண்ணுவேனா?"

"நீங்கதான்."

நானும் மச்சானும் பலாவை அவருக்கு எதிரே இறக்கி வைத்தோம். டவலை விலக்கி நானே சுண்டினேன். டக் டக்.

சம்பந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டார். தானும் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். பூட்டியிருந்த முகம் முதல்முறையாகத் திறந்தது. சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். "ரெண்டு வீடும் சேந்து கூட்டு வைக்கத்தான் வந்திருக்கோம் போலிருக்குது."

"அழுகின தேங்காய்க்கே தட்டத் திருப்பின ஆளாமே நீங்க. நான் தூங்கியே பல நாளாச்சி."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "தேங்கா நல்லாத்தான் இருந்துச்சி. பையன் சரியில்லன்னு கடைசி நேரத்துல தெரிஞ்சிது. அத சபையில சொன்னா பொண்ணு பேரும் சேந்து அடிபடும். கைக்குக் கெடச்சது தேங்கா. பழிய அதுமேல போட்டேன். அதுலேருந்து ஊருக்கு நான் முரடன். பரவால்ல."

அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிண்டல் ஏதும் வரவில்லை.

"உள்ள எப்படி இருக்குதுன்னு பாத்துடலாம்," என்று சம்பந்தி சமையல்காரரின் கத்தியை எடுத்தார். நான் பலாவைப் பிடித்துக்கொண்டேன். பாதி இறங்குவதற்குள் வெள்ளைப் பால் பொங்கி வழிந்தது. உள்ளே எல்லாம் வெளுப்பு. இனிப்பு இருக்குமிடமே தெரியவில்லை. முதிராத, அசல், கலப்படமில்லாத காய்.

"கையில எண்ண தடவாம எவன்யா பலாக்காய அறுப்பான்?" என்று பின்னாலிருந்து சமையல்காரர் கத்தினார்.

எங்கள் நான்கு கைகளிலும் பிசின். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "பெரியவங்க ரெண்டு பேரும் வாங்க. நேரமாவுது, தட்டு மாத்தணும்."

பலாவின் வாயைச் சேர்த்து அழுத்தினோம். அதன் பிசினே அதை ஒட்டிக்கொண்டது. மச்சான் டவலைச் சுற்றினான். வாழைத்தாரை மாலையால் மூடினார்கள். வேட்டியில் கையைத் துடைக்கப் பார்த்தேன், வேட்டிதான் கையோடு வந்தது.

சபை எழுந்து நின்றது. மேளம் உச்சத்துக்குப் போனது. தாம்பூலத் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் தட்டு என் பக்கமும் இருந்தது, அவர் பக்கமும் இருந்தது.

"விடுங்க சம்பந்தி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எப்பவோ விட்டுட்டேன். தட்டு விடல."

"லேசா திருப்புங்க."

திருப்பினேன். வெற்றிலை இரண்டு சரிந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள், "பாரேன், சம்பந்திங்க ரெண்டு பேரும் விட மனசில்லாம நிக்கறாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக ஒரு சத்தத்தோடு என் கட்டைவிரல் பிரிந்து வந்தது. கொஞ்சம் தோலும் தட்டோடு போயிற்று. நிச்சயம் ஆகிவிட்டது.

கீரப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் உடனே, "சரி, பழத்த அறுத்துக் குடுங்கப்பா," என்றார்.

சம்பந்தி முன்னால் வந்தார். முகத்தைப் பழையபடி பூட்டிக்கொண்டார். "இன்னிக்கு அறுத்துக் குடுக்கறதில்ல. சம்பந்தி வீட்டு பலாவையும் நம்ம வீட்டு வாழையையும் காயாத்தான் கொண்டாரச் சொன்னேன். ரெண்டையும் ஒண்ணா சமைச்சி பந்தியில போடறோம். மொத சாப்பாடு ரெண்டு வீட்டுக் காயி."

"அப்படி ஒரு வழக்கம் நம்மள்ல இருக்குதா?" என்றார் பெரியவர்.

"இருக்குது," என்றார் சம்பந்தி.

அந்த முகத்தோடு அவர் 'இருக்குது' என்று சொன்ன பிறகு யாருக்கும் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. பெரியவரே, "ஆமாமா, எங்க தாத்தா காலத்துல," என்று தலையாட்டினார்.

பந்தி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. பலாக்காய்க் குழம்பும் வாழைக்காய் வறுவலும் இலையில் விழுந்தன. பசியா, நிம்மதியா என்று தெரியவில்லை, அவ்வளவு ருசியாக இருந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிசினில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது.

"தேங்கா எண்ணெய் போட்டாத்தான் போகும்," என்றாள்.

"அது காய்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க வாங்கியாந்த அன்னிக்கே தெரியும். பழமாவுற மாதிரி இருந்தா ஒரு ஈயாவது வந்திருக்கும். அந்த ரூமுக்கு உங்களத் தவிர ஒரு உயிர் போவல."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னொன்னு வாங்கியாந்திருப்பீங்க. நான் ரெண்டு காயத் தூக்கிகிட்டு வந்திருக்கணும்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். நிச்சயத்துக்கு வந்திருந்த தூரத்துச் சொந்தம். "உங்க பக்கத்துல நிச்சயத்துக்கு பலாக்காயும் வாழைக்காயும் வச்சாத்தான் ராசியாமே. எங்க பொண்ணுக்கும் அப்படியே செய்யலாம்னு இருக்கோம். காய் எங்க வாங்கினீங்க?" நான் பண்ருட்டி ரோட்டுக் குவியலை அடையாளம் சொன்னேன். பெரியதாக எடுக்கச் சொன்னேன். சின்னது பழுத்துத் தொலைத்துவிடும் என்றும் எச்சரித்தேன்.

நேற்று சம்பந்தி பேசினார். கல்யாணம் ஆவணியில். எல்லாம் பேசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு சிக்கல் சம்பந்தி," என்றார்.

"என்ன?"

"எங்க ஆளுங்க எல்லாரும் கேக்கறாங்க. நிச்சயத்துக்கே காய் வந்துச்சே, கல்யாணத்துக்குப் பழமா வருமான்னு."

ஆவணியில் பலா முடிந்திருக்கும். மரத்துக்கு மரம் ஏறிப் பார்த்தாலும் ஒன்றோ இரண்டோதான் தொங்கும். அதுவும் பழமாக, சரியாக முகூர்த்தத்தன்று. நான் யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் அமைதி விழுந்தது. அதை நான்தான் பொறுக்க வேண்டும்.

"கவலய விடுங்க சம்பந்தி," என்றேன். "மண்டப வாசலுக்கு எத்தன அடி அகலம்?"

சோபாவுக்குக் கீழே என் வலது கால் மிதிக்க ஆரம்பித்திருந்தது.